தவறணைக்கும் ஒழுங்கு வேண்டும்

சம்பளம் போட்ட மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் குறைவாகத்தான் இருக்கும். இது எந்தத் தோட்டத்துக்கும் புதிய செய்தியல்ல. கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்துச் சிரிப்பார். துரை முகம் சுளிப்பார். வராதவரின் மனைவி யாரிடமும் ஒன்றும் பேசாமல் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவார். அந்த வீட்டுக்கு ஒரு பேர் இல்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் இரவு தவறணையில் எவ்வளவு போனது என்பது, அரிசிக்கும் மாவுக்கும் கணக்குப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

சில காலைகள் இதைவிட மோசமானவை. மழையிரவில் குறுக்குப்பாதையால் இறங்கியவர் கானுக்குள் விழுந்து கிடப்பதை, விடியற்காலையில் பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய் காண்கிறார். உயிர் இருந்தால் ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் மரண விசாரணை. குடிபோதையில் தவறி விழுந்தார் என்று ஒரு வரி எழுதுவார்கள். அத்துடன் முடிந்தது. அவருக்குக் கடைசிக் கிளாசை ஊற்றிக் கொடுத்த இடம் எது, நிற்கவே முடியாத மனிதரை வெளிச்சமில்லாத பாதையில் தனியே அனுப்பியது யார் என்று எவரும் கேட்பதில்லை.

இம்முறை நாம் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

விற்பவரைப் பற்றியும் பேசுவோம்

குடிக்காதீர்கள் என்று நமது சங்கம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லில் நாம் இன்றும் நிற்கிறோம். குடியினால் உடைந்த குடும்பங்களும் இடையில் நின்ற பிள்ளைகளின் படிப்பும் நம் கண்முன்னே இருக்கின்றன. ஆனால் இத்தனை காலமும் குடிப்பவரைப் பற்றியே பேசினோம். விற்பவரைப் பற்றி ஒழுங்காக ஒரு தடவையும் பேசவில்லை. குடித்தவரின் வெட்கம் லயம் முழுவதும் தெரிகிறது. விற்றவரின் இலாபம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதனால் நமக்கு இன்னொரு நட்டமும் உண்டு. சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம், கூட்டிக் கொடுத்தால் குடித்துத்தானே தீர்ப்பார்கள் என்று கேலி பேசும் வாய்கள் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக நின்றபோதும் அதைக் கேட்டோம். 2024ஆம் ஆண்டு 1350 ரூபா பேசப்பட்டபோதும் கேட்டோம். நாட்டின் எல்லா ஊர்களிலும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பழி மட்டும் தோட்டத்து ஆளுக்கு. அந்தப் பழியைச் சுமத்துகிறவர்கள், தோட்டத்து எல்லையில் பாதையோரமாக இருக்கும் தவறணையும் பாரும் யாருடைய அனுமதியுடன், எந்த ஒழுங்கில் நடக்கின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மதுபானம் விற்பது எவருக்கும் பிறப்புரிமையல்ல. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் நிபந்தனையுடன் கொடுக்கும் அனுமதி அது. அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்பட வேண்டியது. கள்ளுத் தவறணைகளின் குத்தகை ஒவ்வோர் ஆண்டும் பிரதேச செயலகங்களின் ஊடாகக் கேள்வி கோரி விற்கப்படுகிறது. அறிவித்தல் வர்த்தமானியில் வருகிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்கிறது. பௌர்ணமி தினங்களில் கடை மூடப்பட வேண்டும். விளம்பரம் செய்யக்கூடாது. இவை எவையும் நாம் புதிதாகக் கேட்கும் சலுகைகள் அல்ல. சுவரில் தொங்கும் அந்தக் கடதாசிக்காக முதலாளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை.

மூடிவிட்டால் போதாதா?

மாதர் சங்கங்களிலிருந்து வரும் முதல் குரல் இதுதான். அதை நாம் மதிக்கிறோம். பாடசாலைக்கும் கோயிலுக்கும் பக்கத்தில், சட்டம் சொல்லும் தூரத்தை மீறித் திறக்கப்பட்ட கடையென்றால், மூட வேண்டும் என்பதே நமது கோரிக்கையும். அதில் பேரம் பேச இடமில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பௌர்ணமி அன்று கடை மூடியிருக்கும்போது கள்ளத்தனமாக எங்கே கிடைக்கும் என்பது லயத்துச் சிறுவனுக்கும் தெரியும். தவறணை போன இடத்தில் கசிப்பு வரும். கசிப்புக்காரனுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அதனால் பறிபோகவும் ஒன்றுமில்லை. அவன் வயது கேட்கமாட்டான்; நேரம் பார்க்கமாட்டான். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. மெதனோல் கலந்துவிட்டால் கண் போகும், உயிரும் போகும். ஆகவே கசிப்புக்கு எதிரான நமது போராட்டத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதேவேளை, சட்டப்படி திறந்திருக்கும் கடை சட்டப்படிதான் நடக்கிறதா என்று பார்ப்பதும் அந்தப் போராட்டத்தின் பாதிதான்.

ஒரு கணக்கு

கையில் கவ்வாத்துக் கத்தியும் முதுகில் மருந்து டாங்கியும் இருக்கும் நமக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். விற்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரணச் சாராயத்தில் நூற்றுக்கு 33.5 பங்கு மதுசாரம். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் சுமார் 47 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. ஈரல் அதை மணிக்குச் சுமார் 8 கிராம் வீதம்தான் எரிக்கும். ஆளுக்கு ஆள் கூடிக் குறையலாம். பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், எலுமிச்சை குடித்தாலும், கடுந் தேத்தண்ணி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. அப்படியென்றால் கால் போத்தல் இறங்க ஆறு மணித்தியாலம். 375 மில்லிலீற்றர் அரைப் போத்தல் இறங்கப் பன்னிரண்டு மணித்தியாலம். இரவு 8 மணிக்கு அரைப் போத்தலைத் தொடங்கியவரின் இரத்தத்தில் மறுநாள் காலைப் பிரட்டு நேரத்திலும் மதுசாரம் இருக்கிறது. தூங்கி எழுந்துவிட்டேன், எல்லாம் சரி என்று அவர் நினைக்கிறார். கவ்வாத்துக் கத்தி அப்படி நினைப்பதில்லை.

பியரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பியர்தானே, தண்ணீர் மாதிரி என்கிறார்கள், குறிப்பாக இளைஞர்கள். கடைகளில் அதிகம் போகும் ஸ்ட்ரோங் பியரில் நூற்றுக்கு 8.8 பங்கு மதுசாரம். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றில் சுமார் 43 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ரோங் பியரும் கால் போத்தல் சாராயமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பியர் என்றால் கிட்டத்தட்ட அரைப் போத்தல். கள்ளும் அப்படித்தான், காலையில் இறக்கிய கள் புளிக்கப் புளிக்க வேகம் ஏறும்.

இந்தக் கணக்கைத் தெரிந்த கடைக்காரர், ஒருவர் இரண்டாவது கால் போத்தலைக் கேட்கும்போதே, அவர் நாளை என்ன வேலைக்குப் போகிறவர், எந்தப் பாதையால் வீட்டுக்குப் போகிறவர் என்று யோசிக்கலாம். தோட்டத்துக் கடையில் இது கஷ்டமே இல்லை. வருகிற முகம் எல்லாம் தெரிந்த முகம்தான்.

ஒழுங்கான கடை எப்படி இருக்கும்?

நாம் ஆகாயத்துக் கோட்டையைக் கேட்கவில்லை. இரண்டு மேசை, நான்கு வாங்கு போட்ட சிறிய தவறணையிலும் நாளைக்கே செய்யக்கூடியவற்றைத்தான் சொல்கிறோம்.

முதலாவது வாசல். மீசை இருக்கிறதா என்று பார்த்து வயதை முடிவு செய்யக்கூடாது. அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். புதிய அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. பார்க்க ஒரு நொடி போதும். அப்பா வாங்கிவரச் சொன்னார் என்று போத்தல் பையோடு வரும் பிள்ளையை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டும். அப்பாவுக்குக் கோபம் வந்தால் அவரே வரட்டும். பிள்ளையைச் சாராயக்கடைக்கு அனுப்பும் பழக்கம் நம் லயங்களில் இருக்கிறது என்பதை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அது கடையில் மட்டுமல்ல, நம் வீட்டிலும் நிற்க வேண்டும்.

இரண்டாவது அளவும் சரக்கும். முத்திரையிட்ட போத்தலை வாடிக்கையாளரின் கண்முன்னே திறக்க வேண்டும். மதுவரித் திணைக்களத்தின் ஒட்டுமுத்திரை இல்லாத போத்தல் கடைக்குள் இருக்கவே கூடாது. அளந்து ஊற்ற வேண்டும். அளவுக் கிண்ணம் இல்லாமல் கையளவில் ஊற்றும்போது ஒன்று காசு ஏமாற்றப்படுகிறது. அல்லது ஆள் தன்னையறியாமல் கூடுதலாகக் குடிக்கிறார். இரண்டும் நமக்கு நட்டம்.

மூன்றாவது தண்ணீரும் சாப்பாடும். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வருகிறவருக்குப் போதை வேகமாக ஏறும். குடிதண்ணீர் காசில்லாமல் மேசையில் இருக்க வேண்டும். கடலை, அவித்த மரவள்ளி, முட்டை என்று மலிவாக ஏதாவது இருக்க வேண்டும். தொண்டை வறண்டு இன்னொரு கிளாஸ் கேட்கட்டும் என்பதற்காக உப்பும் உறைப்பும் அள்ளிப் போடும் பைட் வேறு. வயிற்றுக்குச் சாப்பாடு வேறு.

நான்காவது இடம். நமது தவறணைகள் பலவும் சரிவில் நிற்கின்றன. படி வழுக்கும், கைப்பிடி இருக்காது, பின்னால் கழிவறை என்ற பெயரில் ஒரு தகரம், அதற்கப்பால் பள்ளம். படிக்குக் கைப்பிடி, வாசலுக்கும் கழிவறைக்கும் விளக்கு, உடைந்த கிளாசைக் கூட்டிப்போட மூடியுள்ள வாளி, கூட்டத்தில் சண்டை வந்தால் வெளியேற இன்னொரு கதவு. இவற்றுக்குச் செலவாவது ஒரு வார இலாபம்கூட இருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தேத்தண்ணிக்கடைக்கு வருகிறார், தவறணைக்கும் வரட்டும்.

ஐந்தாவது வீடு போய்ச் சேர்வது. கடை மூடுவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும்போதே, இனி ஊற்றமாட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். மூடும் நேரத்தில் அவசர அவசரமாக இரண்டு கிளாசை ஊற்றிக்கொண்டு ஓடுவதுதான் மிகவும் ஆபத்து. மோட்டார் சைக்கிளில் வந்தவரின் சாவியை வாங்கி வைக்கலாம். நம்பிக்கையான ஓட்டோக்காரர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வைக்கலாம். ஒரே லயத்துக்குப் போகிறவர்களைச் சேர்த்து அனுப்பலாம். விழுந்து கிடப்பவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போனால் உயிர் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு இழுபட்டால், பார்வை மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால், உடனே 1990 இலவச அம்புலன்சை அழைக்க வேண்டும். பொலிஸ் வருமோ என்று பயந்து அழைக்காமல் இருந்த கடைக்காரருக்கு நாம் ஒருநாளும் துணை நிற்கமாட்டோம்.

கடன் கொப்பி என்னும் புதிய துண்டு

ஆறாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் வேர்.

நமது பாட்டன்மாரைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது துண்டு. கடனை ஒரு கடதாசியில் எழுதி, அந்தக் கடதாசியோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1921ஆம் ஆண்டு சட்டம் அதை ஒழித்தது. இன்று தவறணை மேசைக்கடியில் இருக்கும் கடன் கொப்பி அந்தத் துண்டின் பேரப்பிள்ளை. மாதம் முழுவதும் கொப்பியில் எழுதிக் குடித்துவிட்டு, 10ஆந் திகதி சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் நிற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடனுக்கு ஈடாக வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளம் விழுந்ததும் தாமே எடுத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் மனைவியின் பங்கும் பிள்ளையின் சப்பாத்தும் இருக்கின்றன.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. மதுபானம் கடனுக்கு விற்கக்கூடாது. கையில் காசு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அட்டையோ, நகையோ, சேமலாப நிதிப் பத்திரமோ ஈடு வாங்குவது உடனே நிறுத்தப்பட வேண்டும். கடனுக்குக் கொடுக்காவிட்டால் ஆள் கசிப்புக்குப் போய்விடுவார் என்று முதலாளிமார் சொல்வார்கள். கடன் கொப்பி நிரம்பிய பின்னர் ஆள் எங்கே போனார் என்று நாம் அவர்களைக் கேட்கிறோம்.

“போதும் மாமா” என்று சொல்லும் பையன்

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒரு கேள்வி வருகிறது. இதையெல்லாம் செய்யப் போவது யார்? முதலாளி பெரும்பாலும் டவுனில் இருக்கிறார். கடையில் நிற்பது யார்?

நமது பிள்ளைதான். மேட்டு லயத்திலோ பணிய லயத்திலோ பிறந்து, ஓ. எல். வரை படித்து, மலைக்குப் போகப் பிடிக்காமல், கொழும்புக்குப் போகவும் முடியாமல், தவறணையில் கிளாஸ் எடுத்து வைக்கும் பையன். காலையில் கதவைத் திறப்பவனும் அவன். இரவு வாந்தியைக் கழுவிவிட்டுப் பூட்டுபவனும் அவன். அவனுக்கு நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இல்லை. சம்பளம் கைக்கு வருவது கொஞ்சம். மிச்சம் குடிப்பவர்கள் மேசையில் விட்டுப்போகும் சில்லறை. விற்பனை குறைந்தால் முதலாளியின் ஏச்சு.

இந்தப் பையனிடம்தான் நாம் சொல்கிறோம்: தள்ளாடுகிறவருக்கு ஊற்றாதே, பதினெட்டு வயதுப் பையனைத் திருப்பி அனுப்பு, கடன் கேட்கும் மாமாவிடம் இல்லை என்று சொல். அவன் எப்படிச் சொல்வான்? எதிரே நிற்பவர் அவனுடைய அப்பாவின் சிநேகிதர். சில வேளை தோட்டத் தலைவர். அவரைப் பார்த்து “போதும் மாமா, வீட்டுக்குப் போங்க” என்று சொன்னால் கிளாஸ் முகத்தில் பறக்கும். முதலாளியிடம் முறைப்பாடு போகும். மறுநாள் வேலை இருக்காது.

இல்லை என்று சொல்லும் ஒருவன் கடையில் இல்லாவிட்டால், சுவரில் ஒட்டிய எந்த அறிவித்தலுக்கும் பலனில்லை. அவனுடைய வேலைக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் அவன் இல்லை என்று சொல்லப் போவதுமில்லை. தவறணையின் பாதுகாப்பை நாம் தொழிற்சங்கப் பிரச்சினை என்று சொல்வது இதனால்தான். அந்தப் பையனும் தொழிலாளிதான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சொல்கிறது. மேலதிக நேரத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டு. சேமலாப நிதிக்கு அவனிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12. நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 3. இவை தேயிலைத் தோட்டத்தில் நமக்கு உள்ளதைப் போலவே தவறணையில் அவனுக்கும் உரியவை. சில்லறையை நம்பி வாழாமல் முழுச் சம்பளம் வாங்குகிறவன்தான், இன்னொரு கிளாஸ் விற்காமல் விடத் துணிவான். விற்பனைக்கு ஏற்ப அவனுக்குக் கொமிஷன் கொடுக்கும் முதலாளி, குடித்தவரின் காலை வாரிவிடக் கூலி கொடுக்கிறார்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைக் கிளாஸ் கழுவ நிறுத்தியிருக்கும் கடைகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 1929க்கு அழையுங்கள்.

தவறணையிலும் பாரிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்ப்பது என்று நாம் தீர்மானிக்க வேண்டும். தலைவர்மார் இதைத் தோட்டக் கமிட்டிகளில் முதலில் பேசட்டும். ஒரு பையன் முறையாக மறுத்ததற்காக வேலை இழந்தால், அந்த முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டு போவது நமது கடமை.

நமது கை சுத்தமா?

மற்றவருக்குச் சொல்லும்போது நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மே தினத்துக்குப் போகும் பஸ்ஸில் போத்தல் ஏறுவதில்லை என்று எந்தச் சங்கமாவது நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? தேர்தல் காலத்தில் லயத்துக்கு வரும் பெட்டிகள் யாருடைய பெட்டிகள்? மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் யாருடைய சிபாரிசில் கொடுக்கப்பட்டன என்று பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்த நாடு இது. அந்தக் கேள்வி கொழும்போடு நின்றுவிடக் கூடாது. தோட்டத் தலைவர் ஒருவர் தவறணைக்காரருக்குப் பங்காளியாகவோ கடன் வசூலிப்பவராகவோ இருந்தால், அவர் அந்தப் பதவியில் இருக்க முடியாது. சங்கக் கூட்டமும் சங்கப் பயணமும் மது இல்லாமல் நடக்க வேண்டும். இதை இந்த ஆண்டே தொடங்குவோம்.

குடியை விட முடியாமல் தவிக்கும் தோழர்களை ஏளனம் செய்வதும் நிற்க வேண்டும். வருடக் கணக்காக நாளும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். சிலருக்கு வலிப்பும் வரும். அது நடிப்பல்ல, நோய். சாமி கும்பிட்டுச் சத்தியம் வாங்குவது ஆரம்பத்துக்கு நல்லதாக இருக்கலாம். கூடவே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போக வேண்டும். அங்கே மருந்து இருக்கிறது. குடித்துவிட்டு வந்து வீட்டில் அடிப்பவருக்கு மட்டும் போதை ஒரு சாட்டு ஆகாது. அடிபட்ட பெண் 1938க்கு அழைக்கலாம். அவர் பக்கத்தில் சங்கம் நிற்கும்.

இனிச் செய்ய வேண்டியது

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், மாதர் சங்கத் தலைவியையும் சேர்த்துக்கொண்டு, தமது எல்லையில் உள்ள தவறணைக்கும் பாருக்கும் ஒரு பகல் வேளையில் நேரே போக வேண்டும். சண்டைக்கு அல்ல. முதலாளியையோ முகாமையாளரையோ உட்கார வைத்து இந்த ஆறு விடயங்களையும் பேச வேண்டும்: வயது, அளவு, தண்ணீரும் சாப்பாடும், விளக்கும் படியும், வீடு சேர்ப்பது, கடன் இல்லாமை. ஏழாவதாக அங்கே வேலை செய்பவரின் சம்பளமும் சேமலாப நிதியும். ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் கடைக்காரரை நாம் எதிரியாகப் பார்க்கவில்லை. அப்படி நடப்பவர்களும் இருக்கிறார்கள். நாலு பேருக்கு முன்னால் அவர்களைப் பாராட்டவும் தயங்க வேண்டாம்.

ஒப்புக்கொள்ளாவிட்டால், அல்லது ஒப்புக்கொண்டு மீறினால், திகதியும் நேரமும் போட்டுக் குறித்து வையுங்கள். எந்த நாள் எத்தனை மணிக்குச் சிறுவனுக்கு விற்றார்கள், எந்தப் பௌர்ணமி அன்று பின்கதவு திறந்தது என்று தெளிவாக எழுதுங்கள். மதுவரித் திணைக்களத்தின் 1913 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும். வருட முடிவில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வரும்போது, அந்தப் பிரதிகள் மேசையில் இருந்தால்தான் பேச முடியும். புதிதாகக் கடை திறக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், கட்டடம் எழும்பிய பிறகு கொடி பிடிக்காமல், விண்ணப்பம் போகும்போதே ஆட்சேபனையைக் கொடுங்கள்.

சம்பளத்துக்காக இத்தனை வருடம் போராடினோம், இனியும் போராடுவோம். கூட்டி வாங்கிய சம்பளம் தவறணை மேசை வழியாக ஒழுகிப் போகாமல் பார்ப்பதும் அந்தப் போராட்டத்தைச் சேர்ந்ததுதான். அடுத்த 10ஆந் திகதி இரவு, உங்கள் தோட்டத்துத் தவறணையில் ஒரு பையன் யாரையாவது பார்த்து “போதும் மாமா” என்று சொன்னால், அவன்மீது கோபப்படாதீர்கள். பக்கத்தில் எழுந்து நின்று, “தம்பி சொல்வது சரிதான், வாங்க போகலாம்” என்று சொல்லி, அந்த மாமாவின் கையைப் பிடித்து லயம் வரை கூட்டிப் போங்கள்.